ஒரு கொத்து அரிசியும் இரு நாடுகளும்

உலையை அடுப்பில் ஏற்றிய பின்னர் அரிசிப் பானை வெறுமையாய் இருப்பதைக் கண்ட இல்லத்தரசி, வேலிக்கு அப்பாலுள்ள அயல்வீட்டாரிடம் ஒரு கொத்து அரிசியைக் கைமாற்றாகப் பெற்றுக்கொள்வது இலங்கைக் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இக்கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி இல்லை, எழுத்து இல்லை, வட்டியும் இல்லை. ஆயினும், வாங்கிய அரிசி இரண்டொரு நாளில் வேலியைக் கடந்து திரும்பிச் சென்றுவிடுகின்றது. திருப்பிக் கொடுக்கத் தவறிய வீட்டாருக்கு அடுத்த முறை வேலியோரத்தில் நின்று குரல் கொடுக்கும் துணிவு வராது. திருப்பிக் கொடுக்கும்போது கொத்தைத் தலைதட்டாமல் சிறிது கூம்பலாக அளந்து கொடுக்கும் பெண்களும் உண்டு. கூடுதலாக வந்த அந்தச் சிறங்கை அரிசிக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. ஆனால் எவரும் அதனை மறந்துவிடுவதுமில்லை.

அயலவருக்கிடையே பிணக்கு நேர்ந்தால் தீர்த்துவைக்க ஊர்ப் பெரியவர் உண்டு. அதற்கு மேல் நீதிமன்றமும் உண்டு. நாடுகளுக்கிடையே பிணக்கு நேர்ந்தால் நிலைமை வேறு. ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் இருக்கின்றதெனினும், வழக்கில் தொடர்புடைய இரு நாடுகளும் அதன் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டாலன்றி அது விசாரணையைத் தொடங்க இயலாது. தீர்ப்பு வழங்கப்பட்ட பின்னரும், வல்லரசு ஒன்றின் வாயிலில் நின்று அதனை நிறைவேற்றிவைக்கக்கூடிய காவலர் உலகில் இல்லை. அவ்வாறாயின், ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குக் கொடுத்த வாக்கை ஏன் காப்பாற்ற வேண்டும்? பெரும்பாலான வேளைகளில் காப்பாற்றுகின்றனவே, அது எதனால்? இவ்வினாவுக்கு அரசறிவியலார் பல விடைகளைக் கூறுவர். அவற்றுள் மிகப் பழையதும் மிக எளியதும் கைம்மாறு என்பதே. நன்மைக்கு நன்மையும் தீமைக்குத் தீமையும் திரும்பி வரும் என்னும் எதிர்பார்ப்பு, நீதிபதியும் காவலரும் இல்லாத இடத்தில் அவ்விருவரின் வேலையையும் ஓரளவு செய்துவிடுகின்றது.

இது எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1952ஆம் ஆண்டில் இலங்கை தன் அரிசிப் பானைக்காகக் கடல் கடந்து செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று உலக அரங்கில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது.

அக்காலத்தில் இந்நாடு தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே தருவித்தது. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருட்கள் ஆகிய மூன்றையும் விற்றுப் பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளிடம் அரிசி வாங்குவது வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் பங்கீட்டுப் புத்தகம் இருந்தது. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்துக்கு விற்கப்பட்டது. அரிசியின் உண்மை விலைக்கும் இந்த 25 சதத்துக்கும் இடையேயிருந்த பெரிய இடைவெளியை அரசாங்கத்தின் திறைசேரி நிரப்பி வந்தது.

1950 யூன் மாதத்தில் கொரியாவில் போர் மூண்டபோது இறப்பரின் விலை வானளாவ உயர்ந்தது. போருக்கு இறப்பர் இன்றியமையாதது என்பதால் பெரிய நாடுகள் அதனை வாங்கிக் குவித்தன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இரண்டொரு ஏக்கர் இறப்பர் வைத்திருந்த சிறு தோட்டக்காரரும் அவ்வாண்டில் நல்ல காசைக் கண்டனர். ஆனால் அந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. குவித்தவர்களின் களஞ்சியங்கள் நிறைந்தன. செயற்கை இறப்பர் ஆலைகளும் பெருகின. 1951இன் நடுப்பகுதி தொடக்கம் விலை சரியலாயிற்று. அதே வேளையில் அரிசியின் விலை ஏறிற்று. விற்கும் பண்டத்தின் விலை இறங்க, வாங்கும் பண்டத்தின் விலை ஏற, இடையில் அகப்பட்ட சிறு நாட்டின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவுடன் பேசிப் பார்த்தும், இறப்பருக்கும் அரிசிக்கும் ஏற்புடைய விலை கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான இக்கட்டில் சீனா இருந்தது. அந்நாட்டில் ஏற்றுமதி செய்யத்தக்க அரிசி இருந்தது, இறப்பர் இல்லை. 1951 மே மாதம் 18ஆம் திகதி ஐக்கிய நாடுகள் தாபனத்தின் பொதுச்சபை, போருக்குப் பயன்படும் பண்டங்களைச் சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் அனுப்ப வேண்டாமென உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. அப்பண்டங்களில் இறப்பரும் அடங்கும் என்பது மேலை நாடுகளின் கொள்கை. பிரித்தானியர் ஆட்சியிலிருந்த மலாயாவின் இறப்பர் அவ்வாண்டிலேயே சீனாவுக்குச் செல்லாது நின்றுவிட்டது.

இங்கு ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் செல்வதற்கில்லை. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் தாபனத்தில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. 1948இல் விண்ணப்பித்தும் சோவியத்து ஒன்றியம் தன் தடைவாக்கினால் அதனை நிறுத்தி வைத்தது. உறுப்பு நாடல்லாத இலங்கையை மேற்படி தீர்மானம் கட்டுப்படுத்தாது என்பது கொழும்பிலிருந்தோர் கையாண்ட வாதங்களுள் ஒன்று. இலங்கைக்குக் கதவை அடைத்த மொஸ்கோ, அறியாமலே தன் தோழமை நாடாகிய சீனாவுக்கு இறப்பர் செல்லும் வழியைத் திறந்து வைத்தது எனலாம்.

1952 செப்டெம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க தலைமையில் ஒரு தூதுக்குழு பீக்கிங் சென்றது. ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் 80,000 மெற்றிக் தொன் அரிசியை வாங்குவதற்கு ஏற்பாடாயிற்று. இது உடனடிப் பசிக்கு உணவு. அதனைத் தொடர்ந்து டிசெம்பர் 18ஆம் திகதி ஐந்தாண்டுகளுக்கான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனா 270,000 மெற்றிக் தொன் அரிசி கொடுக்கும்; இலங்கை 50,000 மெற்றிக் தொன் தகட்டு இறப்பர் கொடுக்கும். இது இந்நாட்டின் அக்கால இறப்பர் விளைச்சலில் ஏறத்தாழப் பாதி. இறப்பருக்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலையிலும் கூடுதலான விலை தரப்படும். விலைகள் ஆண்டுதோறும் பேசித் தீர்மானிக்கப்படும்.

கைச்சாத்திட்ட இரு தரப்பாரும் நண்பர்கள் அல்லர் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். இலங்கையின் அன்றைய பிரதமர் டட்லி சேனநாயக்க தலைமை தாங்கிய கட்சி, பொதுவுடைமைக் கொள்கைக்கு வெளிப்படையாகவே எதிரானது. மக்கள் சீனத்தை இலங்கை 1950 சனவரியிலேயே அங்கீகரித்திருந்தபோதிலும், இரு நாடுகளுக்குமிடையே தூதரகத் தொடர்பு 1957 பெப்ரவரியிலேதான் ஏற்பட்டது. தூதுவர் ஒருவரேனும் இல்லாத நாட்டிடம் ஐந்தாண்டுக்கு அரிசி கேட்பதும், அந்நாடு சம்மதிப்பதும் சாதாரணக் காரியமல்ல. நட்பினால் உடன்படிக்கை பிறந்தது என்று பிற்காலத்து மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. உண்மையில் தேவையினால் உடன்படிக்கை பிறந்தது. நட்பு பின்னரே வந்தது.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பொதுவுடைமை நாடுகளுக்குப் போர்ப் பண்டங்களை விற்கும் நாட்டுக்கு உதவி வழங்கலாகாது என்று அமெரிக்கச் சட்டமொன்று 1951இல் இயற்றப்பட்டிருந்தது. அதன்படி இலங்கைக்கு அமெரிக்கப் பொருளாதார உதவி மறுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டிலேதான் அந்நிலை மாறிற்று. கந்தக விவகாரமும் இக்கால எல்லையைச் சேர்ந்தது. இறப்பர் மரத்தின் இளந்தளிர்களைப் பற்றும் ஒயிடியம் என்னும் பூஞ்சண நோயைத் தடுப்பதற்குத் தோட்டங்களில் கந்தகத் தூள் தூவுவர். இலங்கை இறப்பர் சீனாவுக்குச் செல்லத் தொடங்கியதும், இலங்கைக்குக் கந்தகம் அனுப்ப அமெரிக்கா அனுமதி மறுத்தது. இறப்பரைச் சீனாவுக்கு விற்றால் இறப்பர் மரத்துக்கு மருந்தில்லை என்பதே அதன் பொருள். இதுவும் கைம்மாறுதான். நன்மைக்கு நன்மையை மட்டும் கைம்மாறு என்று கருதுவோர் இப்பகுதியை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அவநம்பிக்கையோடு தொடங்கிய உடன்படிக்கை முறியாமல் நிலைத்தது ஏன்? இவ்வினாவுக்கு ஒளி தருவது, பல ஆண்டுகளின் பின்னர் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஒரு விளையாட்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரசறிவியலாளர் றொபேட் அக்செல்றொட் என்பவர் அறிஞர் பலரிடம் கணினி நிரல்களைக் கேட்டு வாங்கி, அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டார். விளையாட்டின் விதி எளியது. இரண்டு ஆட்டக்காரர், ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் ஒத்துழைக்கலாம், அல்லது ஏமாற்றலாம். இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நன்மை. ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏமாற்றினால், ஏமாற்றியவருக்குப் பெருநன்மை, நம்பியவருக்குப் பெருந்தீமை. இருவரும் ஏமாற்றினால் இருவரும் கெடுவர். இவ்வாட்டத்தை ஒரேயொரு முறை ஆடினால் ஏமாற்றுவதே புத்திசாலித்தனம் என்று கணக்குச் சொல்லும். அக்செல்றொட்டின் முதற் போட்டியிலோ, அதே இருவர் 200 முறை ஆட வேண்டியிருந்தது.

நுணுக்கமான சூழ்ச்சிகள் பல அப்போட்டியில் கலந்துகொண்டன. வென்றதோ, தொறொன்ரோப் பல்கலைக்கழகத்து அனதோல் றப்பப்போட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதல் முறை ஒத்துழை. பின்னர் எதிரி சென்ற முறை என்ன செய்தாரோ அதையே நீ இம்முறை செய். அவ்வளவுதான். இம்முடிவு எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டபின், அதனை வெல்லும் நோக்கத்தோடு 62 நிரல்கள் இரண்டாம் போட்டிக்கு வந்தன. அதிலும் அச்சிறு நிரலே முதலிடம் பெற்றது. 1984இல் வெளிவந்த தம் நூலில் அக்செல்றொட் இதற்குக் காட்டும் காரணங்களுள் தலையாயது, எதிர்காலத்தின் நிழல் நிகழ்காலத்தின் மேல் விழுகின்றது என்பதே. நாளையும் இவரோடு ஆட வேண்டும் என்பதை அறிந்தவர் இன்று ஏமாற்றத் தயங்குவார்.

இக்கண்ணாடியின் வழியே 1952ஆம் ஆண்டின் உடன்படிக்கையை நோக்கினால், அதன் சரத்துகளுக்குப் புதிய பொருள் தோன்றும். ஐந்தாண்டுக்குரிய பண்டம் ஒரே முறையில் கைமாறவில்லை. கப்பல் கப்பலாக வந்தும் சென்றும் கொண்டிருந்தது. இவ்வாண்டு அரிசி தாமதித்தால் அடுத்த கப்பலில் இறப்பர் தாமதிக்கும் என்பதை இரு தரப்பாரும் அறிவர். விலையை ஆண்டுதோறும் பேச வேண்டுமென்ற ஏற்பாடு தொல்லைபோலத் தோன்றலாம். ஆயின், ஆண்டுக்கொரு முறை எதிரெதிரே அமர்ந்து கணக்குப் பார்க்கும் அந்தத் தொல்லையே, ஐயம் பகையாக முற்றுமுன் அதனைக் களைந்துவிடும் வாய்ப்பாகவும் அமைந்தது. தவிரவும், கொடுப்பது இன்னது, பெறுவது இன்னது என்பது தொன் கணக்கில் தெளிவாக இருந்தது. எவரும் எவருக்கும் கடமைப்பட்டவராக உணர வேண்டியிருக்கவில்லை. ஒருவரையொருவர் நம்பாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது அரிது.

இதன் உறுதிக்கு 1955 ஏப்பிரலில் ஒரு சோதனை நேர்ந்தது. இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய ஆபிரிக்க நாடுகளின் மாநாடு கூடியிருந்தது. அப்போது பிரதமராக இருந்த சேர் ஜோன் கொத்தலாவலை, மேலை நாடுகளின் குடியேற்ற ஆட்சியைக் கண்டிப்போர், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத்து ஆதிக்கத்துக்குட்பட்ட நாடுகளைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்னும் பொருள்படப் பேசினார். மண்டபத்தில் சலசலப்பு உண்டாயிற்று. சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு இப்பேச்சு உவப்பளிக்கவில்லை என்பது வெளிப்படை. அவ்வாறிருந்தும் அரிசி வருவது நிற்கவில்லை; இறப்பர் செல்வதும் நிற்கவில்லை. பேச்சு பேச்சாகவும் கொடுக்கல் வாங்கல் கொடுக்கல் வாங்கலாகவும் வேறுபடுத்தி வைக்கப்பட்டன.

உடன்படிக்கையினால் நாட்டு மக்களின் உணவுத் தொல்லை முற்றாகத் தீர்ந்தது என்று கூறுவது மிகையாகும். துறைமுகத்துக்கு அரிசி வந்து சேர்வது ஒன்று. அது சங்கக் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கின்றது என்பது மற்றொன்று. உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏறத்தாழ ஏழு மாதங்களில், 1953 யூலையில், திறைசேரியின் சுமையைக் குறைப்பதற்காகப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அயல்நாட்டோடு நேர்த்தியாகக் கணக்குத் தீர்க்கத் தெரிந்த அரசாங்கம், தன் குடிகளோடு கணக்குத் தீர்ப்பதில் இடறி விழுந்தது.

அக்செல்றொட்டின் விளையாட்டில் வென்ற அச்சிறு நிரலுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. எதிரி செய்ததையே தானும் செய்வதென்றால், ஒருமுறை தீமை நேர்ந்துவிட்டால் அது முடிவின்றி எதிரொலித்துக்கொண்டிருக்கும். இதற்கு உதாரணம் தேடுவோர் 1955 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் தாபனத்தில் நிகழ்ந்ததை நோக்கலாம். பல ஆண்டுகளாக மேலை அணி கிழக்கு அணியின் நண்பர்களையும், கிழக்கு அணி மேலை அணியின் நண்பர்களையும் உள்ளே வரவிடாது தடுத்து வந்தன. இலங்கையும் அவ்வாறு வாசலில் நிறுத்தப்பட்டிருந்தது. இறுதியில், இரு அணியின் நண்பர்களையும் ஒருங்கே ஒரே கட்டாகச் சேர்த்துக்கொள்வதென்ற யோசனை பிறந்தது. அக்கட்டில் மொங்கோலியாவும் யப்பானும் இருந்தன. அக்காலத்தில் பாதுகாப்புச் சபையில் சீனாவின் ஆசனத்தில் அமர்ந்திருந்த தாய்வான் அரசாங்கம் மொங்கோலியாவுக்கு எதிராகத் தடைவாக்கைப் பிரயோகித்தது. உடனே சோவியத்து ஒன்றியம் யப்பானைத் தடுத்தது. மொங்கோலியாவைத் தடுத்தது யப்பான் அல்ல. ஆயினும் அடி அதன்மேல் விழுந்தது. எஞ்சிய 16 நாடுகளும் டிசெம்பர் 14ஆம் திகதி சேர்த்துக்கொள்ளப்பட்டன. இலங்கை அவற்றுள் ஒன்று. யப்பான் ஓர் ஆண்டும், மொங்கோலியா 1961 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. நன்மைக்கு நன்மை என்ற ஏற்பாட்டால் 16 நாடுகளுக்குக் கதவு திறந்ததும், தீமைக்குத் தீமை என்ற ஏற்பாட்டால் இரண்டு நாடுகளுக்குக் கதவு மூடியதும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தவை.

மீண்டும் இறப்பருக்கு வருவோம். முதல் ஐந்தாண்டு முடிந்து 1957இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது நிலைமைகள் மாறியிருந்தன. கொழும்பில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் ஆட்சி, சீனாவுக்கு இறப்பர் கிடைக்கும் வழிகளும் முன்போல் அடைபட்டிருக்கவில்லை. சந்தை விலைக்கு மேலாக இறப்பருக்குக் கொடுத்து வந்த கூடுதல் விலையைச் சீனா நிறுத்திக்கொண்டது. கணக்கை மட்டும் நோக்குவோர் இதனை இலங்கைக்கு நட்டம் என்றே எழுதுவர். ஆனால் அவ்வேளையிலேயே, இறப்பர் மீள்நடுகைக்காக ஐந்தாண்டுகளில் 75 மில்லியன் ரூபாவை நன்கொடையாக வழங்கச் சீனா உடன்பட்டது. விலைக்குள் மறைந்திருந்த கூடுதல், விலையை விட்டு வெளியேறி, நன்கொடை என்ற பெயரோடு வந்தது.

மீள்நடுகைக்கு ஏன் அவ்வளவு அவசியம் ஏற்பட்டது என்பதையும் சொல்லுதல் வேண்டும். 1942 பெப்ரவரியில் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் கையில் வீழ்ந்தபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் தலையாய ஊற்று இலங்கையே. மரத்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படாமல், பட்டை தாங்குமா என்று பாராமல், அளவு கடந்து பால் வெட்டப்பட்டது. போர் முடிந்தபோது மரங்கள் ஓய்ந்து போயிருந்தன. அவற்றைப் பிடுங்கிப் புதுக்கன்று வைத்தாலும், பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரன் அவ்வளவு காலம் எதைக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றுவான்? அரசாங்கத்தின் மீள்நடுகை மானியத் திட்டம் இதற்காகவே 1953இல் ஏற்பட்டது. சீன நன்கொடை அத்திட்டத்தோடு வந்து சேர்ந்தது.

இவ்விடத்திலேதான் கைம்மாற்றின் இரண்டாவது வடிவம் தோன்றுகின்றது. அமெரிக்க அறிஞர் றொபேட் கோஹேன் 1986இல் எழுதிய கட்டுரையொன்றில் இரண்டையும் பிரித்துக் காட்டினார். இன்னதற்கு இன்னது என்று அளந்து, உடனுக்குடன் தீர்த்துக்கொள்வது ஒருவகை. அளவும் காலமும் குறியாமல், பொதுவாக நன்னடத்தையோடு ஒழுகி, அதன் பயன் என்றோ எவ்வழியாலோ வந்து சேருமென்று விட்டுவிடுவது மற்றொரு வகை. தமிழ் அறிந்தோருக்கு இப்பிரிவு புதிதன்று. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை ஓர் அதிகாரமாகவும், ஒப்புரவறிதலை வேறோர் அதிகாரமாகவும் அமைத்தார். பெற்றதை நினைத்திருப்பது முன்னது, திரும்பப் பெறும் எண்ணமின்றி உதவுவது பின்னது. தலைதட்டி அளந்த கொத்து கோஹேனின் முதல் வகை. கூம்பலாய் வந்த சிறங்கை அரிசி இரண்டாம் வகை.

இரண்டாம் வகையின் கணக்கு நீண்டது. 1971 ஒக்டோபர் 25ஆம் திகதி, மக்கள் சீனத்துக்கே ஐக்கிய நாடுகள் தாபனத்தில் இடமளிக்க வேண்டுமென்ற தீர்மானம் நிறைவேறியபோது, அதனை முன்மொழிந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்றாயிருந்தது. 1973 மே மாதத்தில், சீனாவின் அன்பளிப்பாகிய பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் கொழும்பில் திறந்துவைக்கப்பட்டது. இம்மண்டபத்துக்கு இத்தனை தொன் இறப்பர் என்று எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. இறப்பர், அரிசி உடன்படிக்கையோ ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. அந்த முப்பது ஆண்டுகளில் கொழும்பில் ஆட்சிகள் பலமுறை மாறின. பீக்கிங்கிலும் பெருங்கொந்தளிப்புகள் நிகழ்ந்தன.

யப்பானோடு நிகழ்ந்தது இதனிலும் வேறுபட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 1951 செப்டெம்பரில் யப்பானுடனான சமாதான மாநாடு கூடியபோது, இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன உரையாற்றினார். 1942 ஏப்பிரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. விமானத் தாக்குதலையும், அளவு கடந்து வெட்டப்பட்ட இறப்பர் மரங்களையும் அவர் தம் உரையில் நினைவுகூர்ந்தார். நட்டஈடு கேட்க இலங்கைக்கு உரிமை உண்டு, ஆயினும் கேட்கப் போவதில்லை என்றார்; பகையைப் பகையால் தணிக்க இயலாது என்னும் புத்தர் பெருமானின் போதனையை அதற்குக் காரணமாகக் காட்டினார். அளந்து தீர்க்கும் கைம்மாற்றில் இதற்கு இடமில்லை. தீமைக்குத் தீமை என்ற எதிரொலியை யாரேனும் ஒருவர் நிறுத்தினாலன்றி அது நிற்காது. அன்று நிறுத்தியது ஒரு சிறு நாடு. யப்பான் 1954இல் கொழும்புத் திட்டத்தில் சேர்ந்தது. பின்னர் பல பத்தாண்டுகள் இலங்கைக்கு மிக அதிகமாக உதவிய நாடுகளுள் ஒன்றாயிற்று. 1982இல் தொடங்கிய ரூபவாகினி நிலையமும், 1984இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்த்தனபுர வைத்தியசாலையும் யப்பானிய நன்கொடைகள். சான் பிரான்சிஸ்கோ உரையே இவையனைத்துக்கும் காரணம் என்று வரலாற்றாசிரியர் எவரும் அறுதியிட்டுக் கூற மாட்டார். யப்பானுக்கும் தன் வர்த்தக நோக்கங்கள் உண்டு. எனினும் யப்பானியத் தலைவர்கள் கொழும்புக்கு வரும்போதெல்லாம் அவ்வுரையை எடுத்துரைப்பது வழக்கமாகிவிட்டது.

யப்பானிடம் நட்டஈடு வேண்டாமென்ற அதே அரசாங்கம், பதினைந்து மாதங்களின் பின்னர் பீக்கிங்கில் இறப்பரின் விலைக்காக விடாப்பிடியாகப் பேரம் பேசியது. இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் கருதக்கூடும். பழைய கணக்கைத் தள்ளுவதும் புதிய கணக்கைத் திருத்தமாக வைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நல்ல குடித்தனக்காரர் இரண்டையும் ஒரே நாளில் செய்வர்.

சிறு நாட்டுக்கு இரண்டாம் வகைக் கைம்மாற்றில் ஓர் ஆபத்தும் உண்டு. தொன் கணக்கில் அளந்த கடன் தீர்ந்துவிடும். அளவு குறியாத கடன் எப்போது தீர்ந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கொடுத்தவர் பெரியவராயும் பெற்றவர் சிறியவராயும் இருந்தால், நன்றி எந்த இடத்தில் முடிகின்றது, கீழ்ப்படிதல் எந்த இடத்தில் தொடங்குகின்றது என்பதைப் பெரியவரே தீர்மானிப்பார். உதவியை நிறுத்துவதும் அவர் கையிலேயே உள்ளது. அமெரிக்க எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை இலங்கை தன் வசமாக்கி நட்டஈட்டைத் தாமதித்தபோது, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா மீண்டும் உதவியை நிறுத்திற்று. 1965இல் ஆட்சி மாறி நட்டஈடு பேசித் தீர்க்கப்பட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது. 1952இன் உடன்படிக்கையில் இலங்கைக்கிருந்த மதிப்பு, சீனாவுக்கு அவசரமாக வேண்டிய பண்டம் ஒன்று அதன் கையில் இருந்ததனால் வந்தது. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத நாள் வரும்போது அம்மதிப்பு இருக்குமா என்பது வேறு கேள்வி.

அத்தகைய நாளும் வந்தது. 2022 ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. கடன் கொடுத்த நாடுகள் பல. ஒவ்வொன்றும், மற்றவை விட்டுக்கொடுக்கும் அளவுக்கே தானும் விட்டுக்கொடுக்கும் என்றது. ஒருவர் விட்டுக்கொடுத்த பணம் மற்றவரின் கடனை அடைக்கச் செல்லலாகாது என்பதே இதன் உட்பொருள். எல்லாக் கடன்காரரும் ஒப்பாக நடத்தப்பட வேண்டுமென்னும் இவ்விதி, கடன் கொடுத்தோர் தமக்குள் வைத்துக்கொண்ட கைம்மாறு. எவரும் முதலில் அசைய விரும்பாததால் பேச்சுகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டன. 2023இல் இந்தியா, யப்பான், பிரான்சு ஆகிய மூன்றும் இணைத்தலைமை ஏற்ற குழுவொன்று அமைந்தது. சீனா அதில் உறுப்பினராகச் சேராது தனியே பேசிற்று. முடிவில் 2024 யூன் 26ஆம் திகதி, ஏறத்தாழ 580 கோடி டொலர் கடனுக்கு அக்குழுவுடன் பாரிசிலும், ஏறத்தாழ 420 கோடி டொலர் கடனுக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியுடன் பீக்கிங்கிலும் உடன்பாடு கைச்சாத்தாயிற்று. 1952ஆம் ஆண்டு டிசெம்பரில் அரிசிக்காக இலங்கைத் தூதுக்குழு சென்று அமர்ந்திருந்ததும் அதே நகரந்தான்; இம்முறை கொண்டு செல்வதற்கு இறப்பர் இருக்கவில்லை.